தொட்டியில் வளர்வதெல்லாம் துளசி அல்ல!

"டாக்டர், ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்கப்படாது..."

போன மாதம் ஒரு சாயங்காலம். கூட்டம் குறைந்து, மருந்து மடிக்கிற பையனும் டீ குடிக்கப் போயிருந்த நேரம். அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து வரும் ஓர் அம்மா, இருபது வருஷமாக மூட்டு வலிக்கு என்னிடம் தைலம் வாங்குகிறவர், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"கேளுங்கம்மா."

"கஞ்சா நம்ம சித்த வைத்தியத்துல மருந்தாமே... மெய்யா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தினமும் காலையில் விளக்கேற்றிவிட்டுத்தான் பச்சைத் தண்ணீர் பல்லில் படும் என்கிற குடும்பம். அங்கே இந்தப் பேச்சு எப்படி வந்தது?

வந்த கதையைக் கேளுங்கள்.

அந்த அம்மாவின் மகள் கனடாவில், டொரன்டோ நகரத்தின் ஸ்கார்பரோ பகுதியில் குடியிருக்கிறாள். நம் தமிழர்கள் நிறையப் பேர் வாழ்கிற இடம். மருமகனுக்குக் கம்ப்யூட்டர் வேலை. பெற்றோர் ஆறு மாசம் தங்கிவிட்டு வரலாம் என்று மே மாதம் போயிருக்கிறார்கள். வீட்டுக்குப் பின்னால் சின்னத் தோட்டம். தக்காளி, கத்தரி, வெந்தயக் கீரை. அதற்கும் அப்பால், பலகை வேலிக்கு உள்பக்கமாகப் பெரிய தொட்டிகளில் நாலு செடி. "இது என்ன மாப்பிள்ளை, புளிச்சக்கீரை மாதிரி இருக்கு?" என்று கேட்டதற்கு, "அது அழகுக்கு வச்சிருக்கேன் அத்தை" என்று சொல்லி நழுவிவிட்டார்.

அக்டோபர் மாதம் செடிகள் காணாமல் போயின. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த அம்மா வெண்பொங்கல் வைத்திருக்கிறார். ஃபிரிட்ஜைத் திறந்தால், பின்வரிசையில் கண்ணாடி பாட்டிலில் நெய். கொஞ்சம் பச்சை ஓடிய நெய். "முருங்கைக்கீரை போட்டுக் காய்ச்சியிருப்பா போலன்னு நெனச்சேன் டாக்டர்" என்றார். நாலு கரண்டி தாராளமாக ஊற்றினார். கணவருக்கு வயது 68. சர்க்கரையும் உண்டு, ரத்தக் கொதிப்பும் உண்டு. மகள் வீட்டுப் பொங்கலாயிற்றே என்று இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஒன்றரை மணி நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் வாய் வறண்டது. நெஞ்சு படபடவென்று அடித்தது. "ஏட்டி, சுவரு நகருதுடி" என்றிருக்கிறார். எழுந்து நிற்கப் போனவர் சரிந்துவிட்டார். பக்கவாதம்தான் என்று பயந்து ஆஸ்பத்திரிக்கு அள்ளிக்கொண்டு ஓடினார்கள். ஸ்கேன், ஊசி, கேள்வி மேல் கேள்வி. மருமகன் வீட்டுக்கு ஓடிவந்து ஃபிரிட்ஜைத் திறந்து பாட்டிலைப் பார்த்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது!

மறுநாள் பெரியவர் தெளிந்துவிட்டார். கடவுள் புண்ணியம். அதைவிடப் பெரிய புண்ணியம் ஒன்று உண்டு. அவர்களுடைய ஐந்து வயதுப் பேத்தி அன்றைக்குப் பார்த்து, "எனக்குப் பொங்கல் வேண்டாம்" என்று அடம் பிடித்து வெறும் பாலைக் குடித்துவிட்டு ஓடிவிட்டாள்.

"மாப்பிள்ளை எங்க முகத்தைப் பாக்கவே இல்ல டாக்டர். கடைசியில ஒண்ணே ஒண்ணு சொன்னாரு. 'இது உங்க ஊரு சித்த வைத்தியத்துல உள்ள மூலிகைதான் அத்தை. உங்க டாக்டரே எங்கிட்ட சொல்லியிருக்காரு'ன்னாரு. அதான் கேக்கேன்."

நான் வாயடைத்துப் போனேன். அவர் சொன்னது உண்மைதான். எட்டு வருஷத்துக்கு முன்னால் அவர்கள் கல்யாணப் பந்தியில் மாப்பிள்ளைப் பையன் என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்: "சார், கோரக்கர் மூலின்னா கஞ்சாதானே?" நானும் உற்சாகத்தில் கால் மணி நேரம் அதன் பெருமையை அளந்தேன். அளவைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னேனா? இல்லை. விஷச் சரக்கு என்று சொன்னேனா? அதுவும் இல்லை.

ஆகவே வாசகர்களே, இந்தக் கட்டுரை உங்களுக்கு உபதேசம் மட்டும் அல்ல. நான் பாக்கி வைத்த பேச்சை இப்போது முடிக்கிறேன்.

நாலு செடிச் சட்டம்

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். அந்த மருமகன் திருட்டுத்தனமாக எதையும் வளர்க்கவில்லை. கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் கஞ்சா சட்டபூர்வமானது. வயது வந்தவர் வீட்டில் நான்கு செடி வரை வளர்க்கலாம். ஆளுக்கு நான்கு அல்ல, வீட்டுக்கு நான்கு. அண்ணன் தம்பி ஐந்து பேர் ஒரே வீட்டில் இருந்தாலும் கணக்கு நான்குதான். விதையோ நாற்றோ அனுமதி பெற்ற இடத்தில்தான் வாங்க வேண்டும். வெளியே போகும்போது கையில் 30 கிராம் காய்ந்த சரக்குக்கு மேல் இருக்கக் கூடாது. சிறு வயதினருக்குக் கொடுத்தால் 14 ஆண்டு வரை சிறை.

மாகாணத்துக்கு மாகாணம் விதி மாறும். டொரன்டோ இருக்கும் ஒன்டாரியோவில் 19 வயது ஆகியிருக்க வேண்டும். கியூபெக்கில் 21. அதே கியூபெக்கில் வீட்டில் ஒரு செடிகூட வளர்க்கக் கூடாது. அந்தத் தடை செல்லும் என்று கனடாவின் உச்ச நீதிமன்றம் 2023-ல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. மனிட்டோபாவும் தடுத்து வைத்திருந்தது, 2025-ல்தான் தளர்த்தியது. இதெல்லாம் போக, வாடகை வீட்டுக்காரரும் அடுக்கு மாடிக் குடியிருப்புச் சங்கமும் 'இங்கே கூடாது' என்று சொல்லிவிடலாம்.

இது கனடாவோடு நிற்கவில்லை. ஜெர்மனியில் 2024 ஏப்ரல் 1 முதல், வயது வந்த ஒருவர் மூன்று செடி வளர்க்கலாம். பனிக்காடான அலாஸ்காவிலோ, வீட்டுக்குள் ஒருவர் சொந்த உபயோகத்துக்கு வைத்திருப்பது அவரது அந்தரங்கம் என்று 1975-லேயே அந்த மாநில உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. பிறகு மக்கள் ஓட்டுப் போட்டு 2015 முதல் ஆறு செடி வரை அனுமதித்திருக்கிறார்கள்; அதில் மூன்றுதான் பூக்கும் நிலையில் இருக்கலாம்.

என்ன, எல்லாமே குளிர் தேசங்களாக இருக்கின்றனவே என்று பார்க்கிறீர்களா? வேடிக்கைதான். வெயிலில் தானாக வளர்கிற செடியைப் பனியில் பாடுபட்டு வளர்க்கிறார்கள்.

இரவு நீண்டால்தான் பூக்கும்

மருந்தாகவோ போதையாகவோ உபயோகப்படுவது பெரும்பாலும் பெண் செடியின் பூங்கொத்துதான். இந்தச் செடியில் ஆண் வேறு, பெண் வேறு. மகரந்தம் சேராத பெண் பூவில் பிசின் அதிகமாகச் சுரக்கும். அதனால் ஆண் செடியைக் கண்டதும் பிடுங்கி எறிந்துவிடுவார்கள்.

நம் சாமந்தியைப் போல இதுவும் இரவு நீண்டால்தான் மொட்டு விடும். நம் திருநெல்வேலியில் வருஷம் முழுவதும் பார்த்தாலும் பகல் பொழுது ஒரு மணி நேரம்தான் கூடும், குறையும். டொரன்டோவில் ஜூன் மாதம் பகல் பதினைந்தரை மணி நேரம்! செடி இலையும் தழையுமாக ஆள் உயரம் வளர்ந்துகொண்டே போகும், பூக்காது. ஆகஸ்டில் பகல் சுருங்கத் தொடங்கிய பிறகுதான் மொட்டு விடும். பூ முற்ற இன்னும் ஏழெட்டு வாரம் வேண்டும். அதற்குள் அக்டோபர் வந்து உறைபனி வாசலில் நிற்கும். நடுவில் செப்டம்பர் மழை. அடர்த்தியான பூங்கொத்துக்குள் ஈரம் தங்கினால் சாம்பல் நிறப் பூஞ்சணம் பிடித்து உள்ளிருந்தே அழுகிவிடும். மேலே பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும். அதைப் புகைத்தால் நுரையீரலுக்குள் போவது பூஞ்சணம்.

இதற்கு அவர்கள் கண்ட வழி இரண்டு. ஒன்று, பகலையும் இரவையும் பார்க்காமல் வயதானதும் தானே பூக்கிற ரகம். ரஷ்யாவில் தான்தோன்றியாக வளர்ந்த குட்டைச் செடி ஒன்றுக்கு யானிஷெவ்ஸ்கி என்ற தாவரவியலாளர் 1924-ல் தனிப் பெயர் கொடுத்தார். அந்த வம்சத்தோடு கலந்து உண்டாக்கிய ரகங்கள் விதை போட்ட இரண்டரை, மூன்று மாதத்தில் அறுவடைக்கு வந்துவிடும். பனிக்கு முந்திக்கொள்ளலாம்.

இரண்டாவது வழி, வீட்டுக்குள் கூடாரம் கட்டி விளக்கு வெளிச்சத்தில் வளர்ப்பது. செடி வளர 18 மணி நேரம் விளக்கு, பூப்பதற்கு 12 மணி நேரம் விளக்கு, 12 மணி நேரம் கும்மிருட்டு. இதில் கரன்ட் பில் ஒரு பக்கம் இருக்கட்டும். குளிர்காலத்தில் ஜன்னலைத் திறக்க முடியாத வீடு அது. செடி விடுகிற ஈரமெல்லாம் சுவரிலும் ஜன்னலிலும் போய் ஒட்டிக்கொள்ளும். சுவரில் கறுப்புப் பூஞ்சணம் படரும். ஆஸ்துமாக்காரக் குழந்தை அந்த வீட்டில் இருந்தால் கதி என்ன? ஈரமும் மின்சார ஒயரும் ஒரே இடத்தில் இருப்பதால் தீ விபத்துப் பயமும் உண்டு. காற்றை வெளியேற்றும் விசிறி, நாற்றத்தை அடக்கும் கரி வடிகட்டி, பூட்டு... இவ்வளவும் இருந்தால்தான் அது முறையான வளர்ப்பு. வீட்டுக்குள் செடி என்றதும் மணி பிளான்ட் வைத்த மாதிரி நினைத்துவிட வேண்டாம்.

நெய் செய்த வேலை

இனி, அந்த அம்மா கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஆமாம், கஞ்சா சித்த மருத்துவத்தில் உண்டு. சிவமூலி என்பார்கள், கோரக்கர் மூலி என்பார்கள். பாளையங்கோட்டைக் கல்லூரியில் நாங்கள் குணபாடம் படித்தபோது இதையும் சேர்த்துத்தான் படித்தோம். மதன காமேஸ்வர லேகியம் போன்ற பழைய மருந்துகளில் இது சேருகிறது. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் இருந்த ஓஷாஹ்னஸி என்கிற அயர்லாந்து டாக்டர், நம் நாட்டு வைத்தியர்களிடமும் ஹக்கீம்களிடமும் கேட்டறிந்து, தாமும் சோதித்துப் பார்த்து, 1839-ல் கட்டுரை எழுதிய பிறகுதான் மேல்நாட்டு மருத்துவம் இதைக் கவனிக்கத் தொடங்கியது.

ஆனால் எந்த வரிசையில் இது இருக்கிறது தெரியுமா? இந்திய மருந்துச் சட்ட விதிகளில் இ-1 என்று ஓர் அட்டவணை உண்டு. அது நாட்டு மருந்துகளில் சேரும் விஷச் சரக்குகளின் பட்டியல். எட்டி, ஊமத்தை, சேராங்கொட்டை இவற்றோடு கஞ்சாவும் அதில்தான் இருக்கிறது. இவை சேர்ந்த மருந்தின் மேல், மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே உண்ண வேண்டும் என்று எச்சரிக்கை அச்சிட வேண்டும். இந்தப் பட்டியலைத்தான் நான் கல்யாணப் பந்தியில் சொல்ல மறந்தேன்.

எங்கள் முறையில் இதைச் சுத்தி செய்யாமல் சேர்ப்பதில்லை. துணியில் கட்டிப் பலமுறை தண்ணீரில் கழுவி, உலர்த்தி, பசு நெய்யில் வறுப்பது ஒரு வழக்கம். 'நெய்யில் வறுத்தால் விஷம் போய்விடும்' என்று எங்களில் பலர் இன்னமும் பேசுகிறோம். உள்ளபடியே சொல்கிறேன், அது பாதி உண்மைகூட இல்லை.

போதை தருகிற பொருளுக்கு டி.எச்.சி. என்று பெயர். 1964-ல் இஸ்ரேலில் மெக்கூலம், காவோனி என்ற இரண்டு விஞ்ஞானிகள் இதைத் தனியே பிரித்துக் காட்டினார்கள். இது தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். பச்சைச் செடியில் இது அமில வடிவில் இருக்கும்; அப்போது போதை அதிகம் தராது. சூடு பட்டால்தான் முழு வீரியத்துக்கு வரும். அப்படியானால் நெய்யில் வறுப்பது என்ன செய்கிறது? வீரியத்தை எழுப்பி, கொழுப்பில் இறக்கி, உடம்பு ஏற்கும்படி செய்கிறது! நம் முன்னோர் அனுபவத்தில் கண்ட வழி மருந்தின் வேகத்தை ஏற்றுகிற வழி. அதனால்தான் குன்றிமணியால் நிறுத்துப் போட்டார்கள், பத்தியம் வைத்தார்கள், ஆளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். கழுவியாயிற்று, வறுத்தாயிற்று, இனிப் பயமில்லை என்று அவர்கள் நினைக்கவில்லை.

அந்த மருமகன் செய்ததும் இதே வேலைதான். நிறுத்துப் பார்க்கும் தராசும் பத்தியமும்தான் அங்கே இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இன்றைய ரகங்களில் பூவில் நூற்றுக்கு இருபது பங்கு டி.எச்.சி. இருப்பது சாதாரணம். அப்படியானால் ஒரு கிராம் பூவில் 200 மில்லிகிராம். பத்து கிராம் பூவை அரைக் கிலோ நெய்யில் காய்ச்சினால், பாதி வீணாகப் போனாலும் 1000 மில்லிகிராம் இறங்கும். அரைக் கிலோ நெய் சுமார் நூறு டீஸ்பூன். ஆக, ஒரு ஸ்பூனுக்கு 10 மில்லிகிராம். கனடாவில் அனுமதி பெற்ற கடையில் விற்கிற தின்பண்டத்தில் ஒரு பொட்டலம் முழுவதற்கும் சேர்த்து அனுமதித்த உச்ச அளவே 10 மில்லிகிராம்தான்! நம் பெரியவர் பொங்கலோடு எத்தனை ஸ்பூன் விழுங்கினாரோ!

புகைத்தால் சில நிமிஷத்தில் தெரியும். தின்றால் அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்துத்தான் தெரியும். கல்லீரலில் அது இன்னும் வேகமான பொருளாக மாறி, நாலு மணி நேரம் வரை ஏறிக்கொண்டே போகும். பன்னிரண்டு மணி நேரமும் அதற்கு மேலும் இருக்கலாம். 'ஒன்றும் செய்யவில்லையே' என்று இன்னொரு கரண்டி சாப்பிடுகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். இதயம் வேகமாக அடிக்கும். எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். வயதானவர் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் அப்புறம் எந்தத் தைலம் போட்டு என்ன பிரயோசனம்?

மருந்து என்றால் மருந்துதானா?

'அப்படியானால் இது சுத்த விஷம், மருந்தே இல்லை' என்கிறீர்களா என்று கேட்பீர்கள். இல்லை. கஞ்சாவிலுள்ள இன்னொரு பொருளான சி.பி.டி. போதை தராது. அதிலிருந்து சுத்தம் செய்த மருந்தை, குழந்தைகளுக்கு வரும் இரண்டு கொடிய வலிப்பு நோய்களுக்கு அமெரிக்காவில் 2018-ல் அனுமதித்தார்கள். தண்டுவடத்தையும் மூளையையும் தாக்கும் மல்ட்டிபிள் ஸ்கிலிரோசிஸ் நோயின் நரம்பு வலிக்கு, வாயில் தெளிக்கும் கஞ்சா மருந்தைக் கனடா 2005-லேயே அனுமதித்தது. புற்றுநோய் சிகிச்சையில் வரும் தீராத வாந்திக்கும் டி.எச்.சி. சார்ந்த மருந்துகள் உண்டு.

ஆனால் கவனியுங்கள். இவையெல்லாம் ஒவ்வொரு சொட்டிலும் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து சொல்லப்பட்ட மருந்துகள். தொட்டியில் வளர்ந்த செடியில் அந்த அளவு எங்கே? ஒரே செடியின் மேல் கிளைப் பூவுக்கும் கீழ்க் கிளைப் பூவுக்கும் வீரியம் வேறுபடும்.

கெடுதல்களையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மனித மூளை இருபத்தைந்து வயது வரை பக்குவப்பட்டுக்கொண்டே இருக்கிறது. அந்த வயதுக்குள் அடிக்கடி உபயோகித்தால் ஞாபகமும் படிப்பும் பாதிக்கப்படும். குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவு இருந்தால், வாரிசுகள் இந்தப் பக்கமே தலைவைக்கக் கூடாது. வருஷக் கணக்கில் தினமும் எடுப்பவர்களில் சிலருக்கு அடங்காத வாந்தி நோய் வருகிறது. சுடுதண்ணீரில் குளித்தால் மட்டும் கொஞ்சம் தணியும். கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கிற தாய்மாருக்கும் கூடவே கூடாது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு மருந்தின் வேகத்தையே மாற்றிவிடும். சாப்பிட்டுவிட்டு வண்டி ஓட்டுவது குடித்துவிட்டு ஓட்டுவதற்குச் சமம்.

இன்னொன்று. சட்டம் வந்த பிறகு, தெரியாமல் கஞ்சாத் தின்பண்டத்தைத் தின்று ஆஸ்பத்திரிக்கு வரும் குழந்தைகள் கனடாவில் பல மடங்கு கூடிவிட்டார்கள். மிட்டாய் மாதிரி இருந்தால் குழந்தை தின்னத்தானே செய்யும்?

என் கட்சி என்ன?

'அப்போ அந்தச் சட்டமே தப்புதானே டாக்டர்?' என்று நீங்கள் கேட்கலாம். என் பதில் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். நாலு செடிச் சட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஏன் என்கிறேன், கேளுங்கள். ஒரு தனி மனிதன் தன் கொல்லையில் நாலு செடி வைத்ததற்காக அவனைச் சிறையில் தள்ளி, அவன் பிள்ளை குட்டிகளைத் தெருவில் நிறுத்துவதால் யாருக்கும் ஆரோக்கியம் வரப்போவதில்லை. கடத்தல்காரனிடம் வாங்குவதைவிட, பூச்சி மருந்து போடாமல், என்ன ரகம் என்று தெரிந்து வளர்ப்பது மேல். எண்ணிக்கை வைத்து, வயது வைத்து, குழந்தைக்குக் கொடுத்தால் கடும் தண்டனை வைத்து அந்த நாடு யோசித்துத்தான் செய்திருக்கிறது. அது அவர்கள் தேசம், அவர்கள் முடிவு.

பின்னே தப்பு எங்கே நடந்தது? அந்தப் பொங்கல் காலையை மறுபடியும் நினைத்துப் பாருங்கள். செடியைப் பயிரிடச் சட்டம் இடம் கொடுத்தது. ஆனால் மாமனார், மாமியாரிடம் சொல்ல மருமகனுக்கு வெட்கம். 'மரியாதைக் குறைவு' என்று நினைத்துப் பாட்டிலில் பெயர் எழுதாமல், பின்வரிசையில் ஒளித்து வைத்தார். மகளுக்கும் தெரியும், அம்மாவிடம் சொல்ல அவளுக்கும் வாய் வரவில்லை. சட்டம் கதவைத் திறந்துவிட்டது, குடும்பம் கதவைச் சாத்திக்கொண்டது! பெரியவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியதில் அந்தச் செடிக்குப் பாதிப் பங்கு என்றால், அந்த வெட்கத்துக்கும் பாதிப் பங்கு உண்டு.

இதை நான் அந்த அம்மாவிடம் சொன்னபோது, அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சொல்லியிருந்தா நான் திட்டியிருப்பேன் டாக்டர். ஆனா அந்த பாட்டிலைத் தொட்டிருக்க மாட்டேன்" என்றார். எவ்வளவு பெரிய வார்த்தை! ஒரு திட்டுக்குப் பயந்து ஓர் உயிரைப் பணயம் வைத்தோமே!

ஆகவே குளிர் தேசத்தில் பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோருக்கும், அங்கே இருந்தபடி ஊரிலிருந்து வரும் இந்தப் பத்திரிகையைப் படிக்கும் பிள்ளைகளுக்கும் சொல்கிறேன்:

சட்டம் அனுமதித்தால் வளர்ப்பது உங்கள் இஷ்டம். ஆனால் வீட்டில் குழந்தையோ, வயதுப் பிள்ளையோ இருந்தால் வேண்டாம் என்பதே என் கட்சி. மீறி வளர்த்தால், செடிக்கும் பூட்டு வேண்டும், சரக்குக்கும் பூட்டு வேண்டும். சாப்பாட்டுச் சாமான் இருக்கிற ஃபிரிட்ஜில் அது கூடவே கூடாது. பாட்டில் மேல் பெரிய எழுத்தில், தமிழிலும் எழுதி ஒட்டுங்கள். வீட்டுக்கு வருகிற பெரியவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். தெரியாமல் யாராவது சாப்பிட்டுவிட்டால், மானத்துக்குப் பயந்து மறைக்காமல் டாக்டரிடம் உடனே உண்மையைச் சொல்லுங்கள். அன்றைக்கு மருமகன் இரண்டு மணி நேரம் முன்னால் வாய் திறந்திருந்தால், பெரியவருக்கு அத்தனை ஸ்கேன் தேவைப்பட்டிருக்காது.

பெற்றோருக்கும் ஒன்று. பிள்ளை உண்மையைச் சொன்னால் வானத்துக்கும் பூமிக்கும் குதிக்காதீர்கள். குதித்தால் அடுத்த தடவை சொல்ல மாட்டான்.

பெட்டியில் வேண்டாம்!

கிளம்பும்போது அந்த அம்மா இன்னொரு கேள்வி கேட்டார். பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த கஞ்சாக் களிம்பு முழங்காலுக்கு இதமாக இருந்ததாம். "அடுத்த தடவை மகள் வரும்போது ரெண்டு டப்பா கொண்டாரச் சொல்லட்டா?"

"அய்யோ, வேண்டவே வேண்டாம்மா!" என்று பதறிவிட்டேன்.

கனடாவிலிருந்து கஞ்சாவை வெளியே கொண்டு போவது அந்த நாட்டுச் சட்டப்படியே குற்றம். டாக்டர் சீட்டு இருந்தாலும் குற்றம்தான். இங்கே 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அனுமதியில்லாமல் ஒரு செடி வளர்த்தாலும் பத்து ஆண்டு வரை கடுங்காவலும், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். உத்தராகண்டில் 2018 முதல் நாருக்காகப் பயிரிடுவது, 2021-ல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதையை உணவாக அனுமதித்தது இவையெல்லாம் வேறு சமாசாரம். லைசென்சோடு வளர்க்கிற, போதை இல்லாத ரகம் அது. 'டொரன்டோவில் தொட்டியில் வைக்கிறானே, நாம் மாடியில் வைத்தால் என்ன?' என்று எந்த வாசகரும் விளையாட்டுக்குக்கூட நினைக்க வேண்டாம். சித்த மருத்துவனான எனக்கே லைசென்ஸ் இல்லாமல் ஒரு செடி வைக்க உரிமை கிடையாது.

கடைசியாக என் சக வைத்தியர்களுக்கு ஒரு வார்த்தை. 'எல்லாம் நம்மகிட்ட அப்பவே இருந்தது' என்று மார் தட்டுவதை நிறுத்துவோம். இருந்தது உண்மை. அளவும் பத்தியமும் சேர்ந்து இருந்தது. பெருமையை மட்டும் மேடையில் பேசிவிட்டு அளவைக் கல்லூரிப் புத்தகத்திலேயே விட்டுவிட்டு வந்தால், கேட்கிற பிள்ளைகள் பெருமையை மட்டும்தான் கடல் கடந்து கொண்டுபோவார்கள். நான் செய்த தப்பு அது. இன்றைக்கு அந்த மருமகனுக்கு நானே போன் செய்து பேசினேன். "தப்பு என் மேலயும் இருக்கு தம்பி" என்றேன். மறுமுனையில் வெகுநேரம் சத்தமே இல்லை. அப்புறம் மெல்ல, "அந்த பாட்டிலைக் கொட்டிட்டேன் சார்" என்றார்.

அந்த அம்மா வழக்கமான தைலத்தை வாங்கிக்கொண்டு போனார். பாட்டில் மேல் பெயர், அளவு, 'மேலுக்கு மட்டும்' என்ற வாசகம் மூன்றையும் நானே என் கையால் எழுதி ஒட்டிக் கொடுத்தேன். இருபது வருஷமாக அதைச் செய்ததில்லை.

உங்கள் வீட்டு அலமாரியில் பெயர் எழுதாத பாட்டில் எத்தனை இருக்கிறது? இன்றைக்கே எடுத்துப் பாருங்களேன்!